ஓடி (ஆக்குபேஷனல் தெரபி) படிச்சா கைக்கு எவ்வளவு வரும்? கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு கணக்கு

2025 ஜூன் 3, காலை (கேள்வி, கோவிந்தாபுரம் பக்கத்து ஒரு அப்பா)

பொண்ணு பிளஸ் டூ பயாலஜி முடிச்சுட்டா. நீட்ல மார்க் பத்தாதுங்கறா. ஆக்குபேஷனல் தெரபி சேரலாம்னு சொல்றா. யூடியூப்ல ஒருத்தர் அமெரிக்காவுல வருசத்துக்கு 80 லட்சம்ங்கறாரு. எங்க ஊர் மெடிக்கல் ஷாப்காரர் 15,000 கூட தேறாதுங்கறாரு. இதுல எது நெசம்? இங்க யாராவது அந்த வேலையில இருக்கீங்களா?

ஜூன் 3, ராத்திரி

நான் இருக்கேனுங்ணா. கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுல தமிழ்நாட்டு எல்லையோரம். 2009-ல பிஓடி (ஆக்குபேஷனல் தெரபி டிகிரி) சேர்ந்து நாலரை வருசம் படிச்சு 2014-ல வெளிய வந்தேன். ரெண்டு பேர் சொல்றதும் நெசந்தான், அதுதான் பிரச்சனையே. மெடிக்கல் ஷாப்காரரு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே சொல்லிட்டாரு, எம்பட மொத சம்பளம் 9,500. கோயமுத்தூர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி. காலைல ஆறே முக்காலுக்கு வேலந்தாவளம் வழி பஸ்ஸு, ராத்திரி எட்டுக்கு வீடு, பஸ் பாஸும் மதியச் சாப்பாடும் போக கையில 7,000 நின்னா பெரிசு. படிப்பு லோன் 4 லட்சம். அப்பா தென்னந்தோப்புல கள்ளு எறக்க விட்ட காசுல வட்டி கட்டுனாரு, நான் கழுத்துல ஐடி கார்டு மாட்டிட்டு ஜம்முனு சுத்துனேன்.

நாளைக்கு மீதி சொல்றேன், தூக்கம் வருது.

ஜூன் 4

சம்பளம் எவ்வளவுன்னு கேக்காதீங்க, ஸ்லாட் எத்தனைன்னு கேளுங்க. இத நான் புரிஞ்சுக்க நாலு வருசம் ஆச்சு.

2017-ல குழந்தைகளுக்கான ஒரு தெரபி சென்டர்ல சேர்ந்தேன், கோயமுத்தூர்தான். ஆட்டிசம், செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் சொன்னபடி கேக்காதது), எழுத்து வராத பசங்க, ஒரு எடத்துல ஒக்காராத பசங்க. 45 நிமிசம் ஒரு செஷன், பெத்தவங்ககிட்ட 500 வாங்குவாங்க. ஒரு நாளைக்கு எனக்கு 8 ஸ்லாட். மாசம் 25 நாள். நீங்களே பெருக்குங்க, 1 லட்சம். எனக்குக் குடுத்தது 22,000. மீதி 78,000 யாரு பாக்கெட்டுக்குப் போச்சு? கணக்குத் தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலீங்க.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒருத்தர் கீழ கேட்டிருக்காரு, இது பிசியோதெரபிதானேன்னு. இல்லீங்க. பிசியோ உங்க கால நடக்க வெக்கும், நாங்க அந்தக் கால வெச்சு நீங்க பாத்ரூம் போயிட்டு வர வெக்கறோம். பக்கவாதம் வந்த தாத்தா ஒத்தக் கையில சட்ட போடறது, குழந்த பென்சில் புடிக்கறது, மிசின்ல கை மாட்டுனவருக்கு ஸ்பிளின்ட் (கையத் தாங்கிப் புடிக்கற அச்சு) செஞ்சு குடுக்கறது, இதெல்லாம் எங்க வேலை. வெலாவாரியா சொன்னா விடிஞ்சுரும். ஆனா இந்தக் குழப்பமே எங்க சம்பளத்துல ஒரு ஓட்டை. என்ன செய்யறாங்கன்னே தெரியாதவங்களுக்கு எவன் காசு குடுப்பான்? என்னையப் பொண்ணு பாக்க வந்தப்போ மாப்ள வீட்டுப் பெரியம்மா, "ஓடியில வேலையா கண்ணு, ரத்தம் பாத்தா பயமில்லையா"ன்னாங்க. ஆபரேஷன் தியேட்டர்னு நெனச்சுட்டாங்க. இல்லீங்க, ஆக்குபேஷனல்னேன். "ஓ, வேலை வாங்கித் தர்ற ஆபீஸா"ன்னு அவங்க பையனுக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வெச்சாங்க.

ஜூன் 9

ஜூன் 4-ல போட்ட கணக்கு தப்பு. எம்மேல கோவிச்சுக்காதீங்க, சென்டர் நடத்தற ஒருத்தர் தனியா மெசேஜ் போட்டு, உங்க 8 ஸ்லாட்டும் என்னிக்காவது நெறஞ்சுதான்னு கேட்டாரு. பழைய டைரிய எடுத்துப் பாத்தேன். 2018 ஜூலை: 200 ஸ்லாட்ல வந்தது 131. மீதி காய்ச்சல், பெருமழை, பாட்டிக்குத் திதி, "மேடம் இன்னிக்கு அவன் தூங்கிட்டான்". 131-ஐ 500-ஆல பெருக்குனா 65,500. அதுல வாடகை, ரிசப்ஷன் பொண்ணு, கரண்டு, ஊஞ்சலு, மெத்துமெத்துன்னு மெத்தை எல்லாம் போகணும். முதலாளி 78,000 அடிச்சாருன்னு நான் சொன்னது அநியாயம். ஆனா எனக்கு 22,000-ங்கறதும் நியாயமில்ல, அந்தக் கோவம் அப்படியேதான் இருக்குது.

ஜூன் 10

டைரி கைல இருக்கறப்பவே இதையும் சொல்லிடறேன். அதே 2018-ல சம்பளம் வேண்டாம், பர்சன்டேஜ் குடுங்கன்னு கேட்டேன். 60 எனக்கு, 40 அவங்களுக்கு. ஒரு செஷனுக்கு 300. அந்த ஜூலையில 39,300. அதுல 10 சதவீதம் டிடிஎஸ்னு வரி புடிச்சு 35,370 கைக்கு வந்துச்சு (புடிச்சத ரிட்டர்ன் போட்டு வாங்கலாம், நான் மொத ரெண்டு வருசம் போடவே இல்ல, அந்த முட்டாள்தனத்த இன்னொரு நாள் பொலம்பறேன்). 22,000-ல இருந்து ஒரே தாவல்! வீட்டுல எல்லாருக்கும் பாலக்காட்டுல இருந்து அல்வா வாங்கிட்டுப் போனேன்.

அடுத்த மே மாசம் லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. 88 செஷன். 26,400. பிஎஃப் இல்ல, லீவுக்குக் காசு இல்ல. வராத குழந்தைக்காக ஏசி ரூம்ல நான் ஒக்காந்திருந்த நேரத்துக்கு ஒத்த பைசா இல்ல. முன்ன குழந்த வரலைன்னா நஷ்டம் முதலாளிக்கு, இப்ப எனக்கு. அவங்க 60 சதவீதத்துக்கு ஏன் அவ்வளவு சுளுவா ஒத்துக்கிட்டாங்கன்னு அப்பத்தான் வெளங்குச்சு.

ஜூன் 14

2020 மார்ச்சுல லாக்டவுன். பர்சன்டேஜ்காரங்களுக்குப் பூஜ்யம். கூட இருந்த சம்பளக்காரப் பொண்ணுக்குப் பாதியாவது வந்துச்சு. வாளையாரத் தாண்ட பாஸ் வேணும்னு ஆச்சு. எனக்கு வீடு கேரளா, வேலை தமிழ்நாடு, ஆதார் ஒரு பக்கம், சம்பளம் இன்னொரு பக்கம். வாட்ஸ்ஆப் வீடியோல அம்மாக்களுக்கு "பருப்பு டப்பாவுல பட்டனப் போட்டு எடுக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லிக் குடுத்தேன். பாதிப் பேரு காசு அனுப்புனாங்க, பாதிப் பேர்கிட்ட கேக்க வாய் வரல.

ஜூன் 22

ஏனுங்ணா, அந்த 80 லட்சத்த மறந்துட்டேன். அது பொய்யில்ல. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 2024 மே மாசத்துக்குப் போட்ட கணக்குல ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு நடு வருமானம் வருசத்துக்கு 98,340 டாலர். ரூபாயில பெருக்குனா 80 லட்சத்துக்கு மேலயே வரும். நடுன்னா பாதிப் பேரு அதுக்குக் கீழன்னும் அர்த்தம். அங்கயும் எடத்துக்கு எடம் மாறுது, வீட்டுக்குப் போய்ப் பாக்கறவங்களுக்கும் முதியோர் நர்சிங் ஹோம்ல இருக்கறவங்களுக்கும் ஜாஸ்தி, ஸ்கூல்ல வேலை பாக்கறவங்களுக்குக் கம்மி.

ஆனா அங்க 2007-ல இருந்து தெரபிஸ்ட் ஆகணும்னாலே மாஸ்டர்ஸ் வேணும். நம்ம பிஓடி மட்டும் வெச்சுட்டு ஏர்போர்ட்ல போய் நிக்க முடியாது. மேல படிச்சு, அந்த ஊர் போர்டு உங்க படிப்ப அலசி ஒத்துக்கிட்டு, பரீட்சை எழுதி, அப்பறம் ஸ்டேட் லைசென்ஸ், அப்பறம் விசா. யூடியூப்காரரு இத 12-வது நிமிசத்துல சொல்லியிருப்பாரு, நாம 3-வது நிமிசத்துலயே கனவு காணப் போயிட்டோம்.

எங்கூடப் படிச்சவ ஒருத்தி இங்கிலாந்துல இருக்கா. ஹெச்சிபிசிங்கற அந்த ஊர் அமைப்புல தெரபிஸ்டாப் பதிவு வாங்கி அரசு ஆஸ்பத்திரியில பேண்ட் 5-ங்கற சம்பள நிலையில. 2025-26-ல ஆரம்பம் வருசத்துக்கு 31,049 பவுண்டு. கேக்க இனிக்குது. வரி, நேஷனல் இன்சூரன்ஸ், பென்சன் எல்லாம் போய் மாசம் 2,000 பவுண்டு பக்கம் கைக்கு வரும். வாடகைக்கே அதுல மூணுல ஒரு பங்கு. "ஆனா அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிருவேன்டி, லீவு எடுத்தா சம்பளம் வரும்"னு சொன்னா. எனக்குப் பவுண்ட விட அந்த ரெண்டாவது விசயந்தான் வயித்தெரிச்சல்.

ஜூலை 6

யாரோ ஆஸ்திரேலியா லிங்க் போட்டு, "மணிக்கு 193.99 டாலர் குடுக்கறாங்க, உங்க அம்மணி 500 ரூபாய்க்கு மாரடிக்கறாங்க"ன்னு நக்கல் பண்ணியிருக்காங்க. தம்பி, அது சம்பளம் இல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த ஊர் என்டிஐஎஸ் திட்டத்துல ஒரு மணிநேரத்துக்கு அதுக்கு மேல பில் போடக்கூடாதுன்னு வெச்ச வரம்பு அது. பில்லு கம்பெனிக்குப் போகும், கம்பெனி தெரபிஸ்டுக்கு அதுல ஒரு பங்கு தரும். நான் ஜூன் 4-ல செஞ்ச அதே தப்பத்தான் நீங்க டாலர்ல செய்யறீங்க. அந்த வரம்பு பல வருசமா ஏறவே இல்ல, 2025 ஜூலையில இருந்து பயண நேரத்துக்கு வாங்கற காசையும் பாதியாக்கிட்டாங்கன்னு அங்க ஒரே சத்தம்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். நர்சிங் ஹோம்ல முன்ன எத்தன நிமிசம் தெரபி குடுத்தாங்களோ அதுக்கேத்தாப்ல மெடிகேர்ங்கற அரசோட முதியோர் இன்சூரன்ஸ்ல இருந்து பணம் வரும், அதனால தெரபிஸ்ட் முதலாளிக்குப் பொன்முட்டை. 2019 அக்டோபர் 1-ல இருந்து நோயாளியோட நெலமைய வெச்சுக் காசுன்னு மாத்துனாங்க. நிமிசத்துக்கு மதிப்பு போச்சு, நெறைய எடத்துல ஆளக் கொறச்சாங்க. படிப்பு அதே படிப்பு, கை அதே கை.

நம்ம ஊர்ல பில்ல யாரு கட்டறா? அந்தக் குழந்தையோட அப்பன். லாரி ஓட்டறவரு, அரிசி மில்லுல கணக்கு எழுதறவரு. வெளிநோயாளியா வந்து வாரம் மூணு நாள் தெரபி எடுக்கறதுக்கு சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைய விரிச்சுரும். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டோட நிராமயா இன்சூரன்ஸ் பாலிசி 1 லட்சத்துக்கு இருக்குது, ஆட்டிசம், செரிப்ரல் பால்சி உள்ளவங்க கண்டிப்பா எடுங்க, ஆனா முழு லட்சமும் தெரபிக்குக் கெடையாது, அதுக்குன்னு உள்வரம்பு இருக்குது. லாரிக்காரரு பாக்கெட்டுதான் எம்பட சம்பளத்துக்குக் கூரை. அதுக்கு மேல நான் எப்படி எகிறறது?

ஜூலை 7

அரசு வேலை பத்திக் கேட்ட சகோதரிக்கு. எய்ம்ஸ் மாதிரி மத்திய நிறுவனங்கள்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு லெவல் 6-ங்கற சம்பள நிலை, அடிப்படைச் சம்பளம் 35,400-ல ஆரம்பிக்கும், மேல டிஏ, வீட்டு வாடகைப் படி. கெடச்சா மவராசி. பத்து போஸ்டுக்கு ஊரே எழுதும். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம்னு டிஇஐசி இருக்குதே, அதுல பெரும்பாலும் தேசிய சுகாதார இயக்கம் வழியா கான்ட்ராக்டு, தொகுப்பூதியம். வருசா வருசம் ஆர்டர் புதுப்பிக்கணும்.

ஆகஸ்ட் 2

எல்லைக்கு எந்தப் பக்கம் வேலை பாத்தா நல்லதுன்னு கேட்டிருக்காங்க. இது நல்ல கேள்வி.

2018 ஏப்ரல்ல கேரள அரசு பிரைவேட் ஆஸ்பத்திரி ஆளுகளுக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவிச்சுது, நர்சுகளுக்கு அடிப்படை 20,000. அது சும்மா வரல, நர்சுகள் சங்கமாச் சேர்ந்து ரோட்டுல எறங்கி, ஸ்டிரைக்குன்னு மிரட்டித்தான் வந்துச்சு. பஸ்ஸுல பக்கத்துல ஒக்கார்ற நர்ஸ் சேச்சி அந்த வாரம் சிரிச்ச சிரிப்பு இன்னும் கண்ணுல இருக்குது. நாங்க எறங்குனா? இந்தப் பக்கத்து தெரபிஸ்டுக எல்லாரையும் கூட்டுனா ஒரு ஷேர் ஆட்டோ நெறையும். ஒரு ஆட்டோ மறியல் பண்ணா டிராபிக் போலீஸே தள்ளி விட்டுட்டுப் போயிருவாரு. ஆளு கம்மின்னா டிமாண்ட் ஜாஸ்தி, சம்பளம் ஏறும்னு காலேஜ்ல சொன்னாங்க. ஆளு ரொம்பக் கம்மின்னா அந்த வேலையே வேணுமான்னு முதலாளிக்குத் தெரியாது, ரெண்டு மாச கோர்ஸ் முடிச்ச ஒரு பொண்ண 8,000-க்கு ஒக்கார வெச்சு "தெரபிஸ்ட்"னு போர்டு மாட்டிருவாரு. 2021-ல வந்த அலைடு ஹெல்த்கேர் சட்டத்துல நம்ம தொழிலும் இருக்குது, பதிவு முறை ஒழுங்கா நடந்தா அந்த போர்டெல்லாம் எறங்கும்னு ஒரு நப்பாசை.

மொழி. இது எனக்கு ஓசியில கெடச்ச சொத்து. எங்க ஊர்ல வீட்டுல தமிழு, பஸ் போர்டு மலையாளம். சித்தூர்ல ஒரு பையன், அப்பா மலையாளம், ஆத்தா தமிழு, பையன் நாலு வயசு வரைக்கும் ரெண்டும் பேசல. பாலக்காட்டுல மலையாளத்துல டெஸ்ட் பண்ணிட்டு ஒண்ணும் புரியலைன்னு எழுதிட்டாங்க. நான் "டேய் குட்டி, செருப்ப எடுத்துட்டு வா"ன்னேன், எந்திரிச்சுப் போய் எடுத்துட்டு வந்தான். அந்த அம்மா அழுதுட்டாங்க. அவங்க சொல்லி ஏழு குடும்பம் வந்துச்சு. எந்த சர்டிபிகேட் கோர்சும் எனக்கு ஏழு குடும்பம் கொண்டு வரல.

ஆகஸ்ட் 3

நேத்து எழுதுனத பாத்துட்டு கோர்ஸ் வேண்டாம்னு எடுத்துக்காதீங்க. சென்சரி இன்டகிரேஷன் (தொடுதல், சத்தம், அசைவெல்லாம் குழந்தையோட மூளை எப்படி வாங்கிக்குதுங்கறது) கோர்ஸுக்கு 3 மாசச் சம்பளத்தப் போட்டேன். சம்பளம் ஏறல. ஆனா இன்டர்வியூல அத வெச்சுத்தான் என்னைய உள்ளயே விட்டாங்க. எம்ஓடி (பிஓடிக்கு மேல மாஸ்டர்ஸ்) பத்தி: பாடம் எடுக்கப் போறீங்கன்னா, வெளிநாடுன்னா, வேணும். கொழிஞ்சாம்பாறையில ரூம் போட்டு ஒக்கார, போர்டுல ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 11

ஓணம் முடிஞ்சுது. திருவோணம் 5-ம் தேதி, ஆனா பசங்க ஒரு வாரம் முன்னாடியே காணோம், இன்னும் முழுசா வரல. ரூம்ல நானும் ஊஞ்சலும். எல்லைங்கறதுல இதுதான் கூத்து, ஓணத்துக்கு மலையாளப் பசங்க வர மாட்டாங்க, பொங்கலுக்குத் தமிழ்ப் பசங்க வர மாட்டாங்க, தீவாளிக்கு ரெண்டு பேரும் வர மாட்டாங்க.

சும்மா ஒக்காந்ததால எம்பட இப்பத்த கணக்கப் போடறேன், மறைக்கறதுக்கு என்ன இருக்குது. 2021-ல இங்க சொந்தமா ரூம் போட்டேன், வாடகை 6,000. செஷன் 350, இந்த ஊருக்கு 500 தாங்காது. ஒரு நாளைக்கு அஞ்சு குழந்தைக வரும். காலைல வீட்டுக்குப் போய்ப் பாக்கறது 600, பெரும்பாலும் பக்கவாதம். 600 பெரிசாத் தெரியும், ஆனா வண்டித்தாவளம் போக வர ஒரு மணிநேரம், அங்க ஒரு மணிநேரம், வெயில்ல ஸ்கூட்டர்ல வந்து எறங்குனா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மூஞ்சிய உரிச்சிருக்கும். நல்ல மாசத்துல எல்லாஞ் செலவும் போக 48,000 நிக்கும். இந்த ஓணம் மாசம் 30,000 தாண்டாது.

ரிப்போர்ட் எழுதற நேரத்த இதுல சேக்கல. ஸ்கூலுக்கு ஒண்ணு, டாக்டருக்கு ஒண்ணு, அம்மாவுக்குப் புரியற மாதிரி ஒண்ணு. எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல, ஓசி.

அக்டோபர் 5

மொத நாள் ஆஸ்பத்திரி வேலைய மட்டமாப் பேசுனேன். ஒரு வாரமா அது உறுத்துது. போன மாசம் புல்லு வெட்டற மிசின்ல வெரல் மாட்டுன ஒருத்தர் வந்தாரு, தையல் போட்டு அனுப்பிட்டாங்க, கை மடங்கல. தெர்மோபிளாஸ்டிக் ஷீட்ட சுடுதண்ணியில போட்டு வளச்சு ஸ்பிளின்ட் செஞ்சு குடுத்தேன். ஷீட்டுக்கே நல்ல காசு, அவருகிட்ட ஷீட்டு காசு மட்டும் வாங்குனேன். நேத்து வந்து டம்ளர் புடிச்சுக் காட்டுனாரு. அந்த வித்தைய 9,500 சம்பளத்துல, ஆஸ்பத்திரியில, ஒரு சீனியர் கையப் புடிச்சுக் கத்துக் குடுத்தது.

அதனால மொத ரெண்டு வருசம் ஆஸ்பத்திரியே போலாம்.

அக்டோபர் 5, சாயந்திரம்

இல்ல, காலைல எழுதுனதுல பாதிய வாபஸ் வாங்கறேன். "கத்துக்கலாம்மா"ன்னு சொல்லித்தான் ஒவ்வொரு முதலாளியும் 9,500 குடுக்கறான். போங்க, ஆனா ரெண்டு வருசத்துல எந்திரிச்சு வந்துருங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்ட எவன் கேட்டாலும் குடுக்காதீங்க. நான் வேலை பாத்த ஒரு எடத்துல வாங்கி வெச்சுட்டு, ராஜினாமா குடுத்தப்பறம் மூணு மாசம் இழுத்தடிச்சு, அதுக்குள்ள எனக்குக் கெடச்ச வேற வேலை போயிருச்சு. வக்கீல் மாமா ஒரு போன் போட்டப்பறந்தான் பீரோல இருந்து வெளிய வந்துச்சு, ஓரம் கரையான் அரிச்சு.

சேரும்போது என்ன கேக்கணும்னு ரெண்டு மூணு பேரு கேட்டீங்க. குழந்த வரலைன்னா அந்த ஸ்லாட்டு காசு யாரு தலையில? ரிப்போர்ட் எழுத நேரம் உண்டா? இத்தன வருசம் விட்டுப் போகக்கூடாதுன்னு பாண்டு உண்டா? சம்பளத்தக் கடைசியாக் கேளுங்க.

நவம்பர் 9

கோவிந்தாபுரம் அண்ணா திரும்ப எழுதியிருக்காரு. பொண்ணு இந்த வருசம் எங்கயும் சேரலையாம், அடுத்த வருசம்தானாம். அமெரிக்காவ விட்டாச்சாம். வேலூர் சிஎம்சி, முட்டுக்காடு நிப்மெட், திருவனந்தபுரம் நிஷ், இரிஞ்ஞாலக்குடா நிப்மர்னு காலேஜ் லிஸ்ட் போட்டு வெச்சிருக்காளாம். நல்ல லிஸ்டுதானுங்ணா. ஃபீஸ் எங்க கம்மியோ அங்க மொதல்ல பாருங்க, 4 லட்சம் லோன் இல்லைன்னா 9,500 அவ்வளவு கசக்காது. அதுக்கு முன்ன ஒரு சனிக்கிழமை அனுப்பி வெய்ங்க, கூட ஒக்காந்து பாக்கட்டும்.

நவம்பர் 15

வந்தா. கெட்டிக்காரப் பொண்ணு, வாயே தொறக்கல, எல்லாத்தையும் பாத்துட்டே இருந்தா. ஒரு பையன் அவ துப்பட்டாவுல மூக்கத் தொடச்சான், அசையல. பத்து மணி ஆளும் மூணு மணி ஆளும் வரல. அந்த ரெண்டு மணிநேரத்துல ரெண்டு பேரும் ராகி உருண்டை தின்னோம், அவ பட்டன் டப்பாவ கலர் வாரியாப் பிரிச்சு அடுக்குனா. சாயந்திரம் ஃபீஸ் டப்பாவுல இருந்த காச அவகிட்டயே எண்ணச் சொன்னேன். நாலு செஷன், 1,400. ரெண்டு தடவ எண்ணிட்டு, "வராத ரெண்டு பேருக்கு போன் பண்ணட்டுமா அக்கா"ன்னா.